நிழல் விழுந்த இரவைத் தேடி: ஜப்பான் பயணக் குறிப்புகள்

முதல் நாள், டிசம்பர் 11, டோக்கியோ

ஒரே ஒரு படம் என்னை இவ்வளவு தூரம் அழைத்து வந்திருக்கிறது. உதாகவா குனியோஷி என்னும் ஓவியர் 1830களின் தொடக்கத்தில் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்ட இரவுக் காட்சி அது. நிலவொளியில் ஒரு பெரிய மாளிகையின் மதிலோரம் கறுப்பு வெள்ளை உடுப்பணிந்த வீரர்கள் ஓசைப்படாமல் கூடுகிறார்கள்; சிலர் மதிலேறுகிறார்கள்; நாய்கள் குரைத்துவிடாதபடி ஒருவர் அவற்றுக்குத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இவற்றையெல்லாம்விட என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது தரையில் விழுந்து கிடக்கும் அவர்களுடைய நிழல்கள்தான். டோக்கியோ எடோ என்ற பெயரோடு இருந்த எடோ காலத்து ஜப்பானிய அச்சு ஓவியங்களில் மனிதர்களுக்குப் பொதுவாக நிழல் விழுவதில்லை. இரவென்றால் கையில் ஒரு விளக்கோ மேலே ஒரு நிலாவோ இருக்கும், அவ்வளவுதான். அதன் கீழே நிற்பவர்கள் பகலில் நிற்பவர்களைப் போலவே தெளிவாகத் தெரிவார்கள். அந்த வழக்கத்தை மீறி இந்த வீரர்களின் காலடியில் நிழல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் இந்தப் பயணத்தின் தொடக்கம்.

அந்தப் படம் காட்டும் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1701ஆம் ஆண்டு, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் எடோ கோட்டைக்குள் ஆகோ நாட்டுச் சிற்றரசர் அசானோ, சடங்குகளுக்குப் பொறுப்பான கிரா என்ற முதிய அதிகாரியை வாளால் வெட்டிக் காயப்படுத்தினார். கோட்டைக்குள் வாளை உருவியதற்காக அன்றே அவர் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தலைவனை இழந்த வீரர்களில் நாற்பத்தேழு பேர், ஒயிஷி குரானோசுகேயின் தலைமையில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்து கிராவின் மாளிகைக்குள் புகுந்து அவர் தலையைக் கொய்தார்கள். நடப்பு அரசியலையும் சாமுராய்க் குடும்பங்களையும் மேடையேற்றக் கூடாது என்ற தடை இருந்ததால், 1748இல் ஒசாகாவின் தகெமொதோ பொம்மலாட்ட அரங்கில் இக்கதை அரங்கேறியபோது காலம் பதினான்காம் நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டது, பெயர்களும் மாற்றப்பட்டன. அசானோ என்யா ஹங்கான் ஆனார், கிரா கோ நோ மொரொனாவோ ஆனார், ஒயிஷி ஓபோஷி யுரானோசுகே ஆனார். அந்தப் பதினோரு அங்க நாடகமே கனதெஹொன் சுஷிங்குரா. விரைவிலேயே நடிகர்கள் ஆடும் கபுகி நாடக மேடைக்கும் வந்து, இன்றுவரை ஆடப்பட்டு வருகிறது.

ரியோகோகு நிலையத்தில் இறங்கிச் சிறிது நேரம் நடந்தால் கிராவின் மாளிகை இருந்த இடத்துக்கு வந்துவிடலாம். அந்தப் பெரிய வளாகத்தில் இன்று எஞ்சியிருப்பது, குடியிருப்புகளுக்கு நடுவே கறுப்பு ஓடும் வெள்ளைச் சுண்ணாம்பு வரம்பும் சேர்ந்த மதில் சூழ்ந்த ஒரு சிறு பூங்கா மட்டுமே. உள்ளே ஒரு கிணறும் சிறு கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே ஹொக்குசாய் அருங்காட்சியகம் இருக்கிறது. 1760இல் இந்த வட்டாரத்தில் பிறந்த ஹொக்குசாய், தம் தாய்வழியில் கிராவுக்காகப் போரிட்டு அந்த இரவில் மடிந்த கொபயாஷி ஹெய்ஹாச்சிரோவின் மரபினர் என்று ஒரு வழிவழிக் கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, அவரும் சுஷிங்குராவை அங்கம் அங்கமாக வரைந்தவர்தான். அதுவும் மேற்கத்திய முறையில் ஆழம் காட்டும் படங்களாக வரைந்தவர். தோற்றவர் பக்கத்து வழித்தோன்றல் வென்றவர் கதையை வரைந்தார் என்று நினைத்துக்கொண்டே, அலுமினியப் பலகைகளால் மூடப்பட்ட அந்தக் கட்டடத்தை விட்டு மாலையில் வெளியே வந்தேன்.

இரண்டாம் நாள், டிசம்பர் 12, ஹராஜுகு

இளைஞர் கூட்டம் அலைமோதும் ஹராஜுகு தெருவுக்குப் பின்னால், சந்தடி இல்லாத ஒரு சந்தில் இருக்கிறது ஓதா நினைவு அருங்காட்சியகம். மரஅச்சு ஓவியங்களுக்கென்றே 1980இல் தொடங்கப்பட்டது. ஒளி பட்டால் தாவரச் சாயங்கள் வெளுத்துவிடும் என்பதால் அறைகள் அந்திப்பொழுதைப் போல இருக்கின்றன. கண் பழகுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

நான் இங்கே நெடுநேரம் நின்றது உகி-எ என்னும் வகைப் படங்களுக்கு முன்னால். உகி என்றால் மிதப்பது, மேலெழுவது. இணையான கோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில் சென்று சேர்வதாக வரையும் மேற்கத்திய முறையை, பெர்ஸ்பெக்டிவ் என்று நம் ஓவியக் கல்லூரிகளில் சொல்வதை, ஜப்பானியர் முதன்முதலில் பார்த்தபோது முன்னால் உள்ளவை தாளிலிருந்து எழும்பி வருவதாக உணர்ந்தார்கள். அதனால் இந்தப் பெயர். பின்னால் உள்ளவை உள்ளே அமிழ்ந்து போவதாக உணர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் இதையே குழிப்படம் என்று அழைத்தார்கள். ஒரே படத்துக்கு நேரெதிரான இரண்டு பெயர்கள். பழகாத கண் தடுமாறியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை நேராக ஐரோப்பாவிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. 1720இல் ஷோகுன் யொஷிமுனே, கிறித்தவ சமயம் சாராத அயல்நாட்டு நூல்கள் மீதான தடையைத் தளர்த்தினார். சீனத்தின் சுஜோ நகரில் மேற்கத்திய முறையைப் பின்பற்றி அச்சான பெரிய படங்களும் நாகசாகி வழியே உள்ளே வந்தன. 1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒகுமுரா மசனொபு என்ற ஓவியர் இம்முறையைக் கையிலெடுத்து, உகி-எயின் மூலவர் தாமே என்று தம் படங்களிலேயே பொறித்துக்கொண்டார். அவர் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் எது என்பதில்தான் எனக்கு ஆர்வம். மலையையோ கடலையோ அவர் முதலில் நாடவில்லை. பெருவணிகர் மாளிகையின் கூடத்தையும், கபுகி அரங்கின் உட்புறத்தையும்தான் நாடினார்.

அந்த அரங்கப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும். கூரைச் சட்டங்கள் எல்லாம் மேடையை நோக்கி ஓடுகின்றன. இருபுறமும் மாடங்கள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. நடுவே சதுரம் சதுரமாகத் தடுத்த தளத்தில் மக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, உண்டு குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களிடையே நடிகர் வரும் மலர்ப்பாதையான ஹனமிச்சி நீள்கிறது. எல்லாக் கோடுகளும் கண்ணை இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்துகின்றன. அரங்கு என்பதே பல கண்களை ஓரிடத்தில் குவிப்பதற்காகக் கட்டப்பட்ட கட்டடம். அதைத்தான் இந்தக் கோடுகளும் செய்கின்றன. அதனால் மேற்கின் வரைமுறை ஜப்பானுக்குள் நாடகக் கொட்டகை வழியே நுழைந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அறையின் உட்புறத்தை இப்படிக் கணக்காக வரைந்த அதே கை, வெளியே தெரியும் தோட்டத்தைப் பழைய கீழை முறையிலேயே வரைந்துவிடும். ஒரே தாளில் இரண்டு பார்வைகள் அருகருகே வாழ்கின்றன. இதைக் குறை என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமக்குத் தேவையான இடத்தில் தேவையான அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மசனொபுவுக்கு அடுத்த தலைமுறையில், உதாகவா மரபைத் தொடங்கிய தொயொஹாரு இம்முறையைச் செம்மைப்படுத்தினார். வெனிஸ் ஓவியர் கனலெத்தோவின் ஓவியத்தைப் பார்த்துச் செப்புத்தகட்டில் பொறிக்கப்பட்ட வெனிஸ் பெருங்கால்வாய்ப் படத்தை அவர் மரக்கட்டைக்கு மாற்றியபோது, அது ஏதோ ஒரு டச்சுத் துறைமுகம் என்று தலைப்பிட்டார். அவரும் சுஷிங்குராவை உகி-எயாக வரைந்தார்.

சுஷிங்குராவில் இந்த முறைக்கென்றே எழுதியதுபோன்ற ஒரு காட்சி உண்டு. ஏழாம் அங்கம், கியோத்தோ கியோன் பகுதியின் இச்சிரிக்கி விடுதி. பகைவரை ஏமாற்றுவதற்காகக் குடித்துத் திரிபவனாக நடிக்கும் யுரானோசுகே, திண்ணையில் நின்று விளக்கொளியில் ஓர் இரகசிய ஓலையைப் படிக்கிறான். மாடியில் இருக்கும் ஓகாரு என்னும் பெண் அதைக் கைக்கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து படிக்கிறாள். திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒற்றன், தொங்கும் ஓலையின் மறுமுனையைப் படிக்கிறான். ஓர் ஓலை, மூன்று கண்கள், மூன்று உயரங்கள். பழைய முறையில் இவர்கள் தாளின் மேலும் கீழுமாக நிற்பார்கள். உகி-எயில் திண்ணையும் கூடமும் பின்கட்டும் உள்நோக்கி ஓடும்போது, மூவருக்கும் இடையிலுள்ள வெளி நமக்கு உறைக்கிறது. அந்த வெளிதான் நாடகம்: யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்க்கப்படுவதை அறியவில்லை என்பது.

மூன்றாம் நாள், டிசம்பர் 13, ஓர் அச்சுக்கூடம்

இன்று பழைய முறையில் மறுஅச்சுச் செய்யும் ஓர் அச்சுக்கூடத்தில் முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செதுக்குபவர் மலைச்செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் நிற்கும்படி மற்ற இடங்களைக் குடைந்தெடுக்கிறார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. தாள் இம்மியும் நகராமல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதற்காகக் கட்டையின் மூலையிலும் விளிம்பிலும் கெந்தோ என்னும் சிறு அடையாளங்களை வெட்டி வைக்கிறார்கள். அச்சிடுபவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாயத்தைத் தூரிகையால் கட்டையில் பரப்பி, தாளைக் கவிழ்த்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான பாரெனால் தேய்க்கிறார். அதற்கு உடல் எடை முழுவதும் தோள் வழியே கைக்கு இறங்க வேண்டும்.

நான் காத்திருந்தது வானத்துக்காக. ஈரத் துணியால் கட்டையின் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டு, அகலத் தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நீலத்தைத் தொட்டு, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தார். தாளை எடுத்தபோது மேலே அடர்ந்திருந்த நீலம் கீழே வர வர மெலிந்து வெண்மையில் கரைந்திருந்தது. இதற்குப் பொகாஷி என்று பெயர். செதுக்கல் வேலை இதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகக் கையால் செய்ய வேண்டும், ஆகவே இரண்டு தாள்கள் ஒன்றாக இருப்பதில்லை. அடுத்த தாளில் நீலம் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. அவர் அதை மௌனமாக ஒதுக்கி வைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. ஐரோப்பியர் செப்புத்தகட்டில் நிழலைக் காட்டுவது நெருக்கமான மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறித்தான். அதை அப்படியே மரத்துக்குக் கொண்டுவந்தால் கட்டையும் தாங்காது, தாளும் அழுக்காகத் தெரியும். எனவே எடோவின் கைவினைஞர்கள் கீறல்களை விட்டுவிட்டு, நிழலை ஒரே தட்டையான சாம்பல் நிறமாகவும், வானத்தின் ஆழத்தைப் பொகாஷியாகவும் மாற்றிக்கொண்டார்கள். குனியோஷியின் நிழல்கள் அவ்வளவு உறுதியாகத் தரையில் பதிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நீலமும் அயலிலிருந்து வந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவாகி, அந்த ஊர்ப் பெயராலேயே பெரோ என்று அழைக்கப்பட்ட அந்தச் சாயம், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடோவின் அச்சுக்கூடங்களை நிறைத்தது. அதற்கு முன்பிருந்த பூச்சாறு நீலம் விரைவில் வெளுத்துப்போகும். இதுவோ வெளுக்காது, எவ்வளவு நீர் கலந்தாலும் தெளிவும் குன்றாது.

நான்காம் நாள், டிசம்பர் 14, செங்காகுஜி

இன்று நினைவு நாள் விழா. அசானோவும் அவருடைய வீரர்களும் அடக்கம் செய்யப்பட்ட செங்காகுஜி கோயிலில் காலை முதலே வரிசை. வாயிலில் ஊதுவத்திக் கட்டு வாங்கிக்கொண்டு, படியேறி, ஒவ்வொரு கல்லறைக்கும் முன்னால் சில குச்சிகளை வைத்துக்கொண்டே நகர வேண்டும். புகை கண்ணைக் கரித்தது. எனக்கு முன்னால் சென்ற மூதாட்டி ஒவ்வொரு கல்லின் முன்னும் தலை தாழ்த்தி, அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிவிட்டே அடுத்ததற்கு நகர்ந்தார். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவனம் அவர் நடையில் இருந்தது. நானும் என் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் வீரர்களின் வேடமணிந்தவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். கறுப்புத் துணியின் விளிம்பில் இரம்பப் பல் போன்ற வெள்ளை முக்கோணங்கள். அந்த உடுப்பு நாடக மேடை கற்பித்த உடுப்பு. உண்மையான வீரர்கள் எல்லோரும் ஒரே சீராக அப்படி உடுத்தவில்லை. மேடை அணிவித்தது, அச்சு ஓவியம் பரப்பியது, இன்று கல்லறை வரை அதுவே நடந்து வருகிறது.

குனியோஷியின் படத்திலும் அதே உடுப்புதான். ஆனால் அதில் மற்றவை எல்லாம் மேடையை விட்டு இறங்கிவிட்டன என்பதை இங்கே நின்றபோது உணர்ந்தேன். வழக்கமான சுஷிங்குராப் படங்களில் நடிகரின் முகம் அடையாளம் தெரியும். கண்ணை உருட்டி, காலை அகற்றி, கபுகியின் உச்சக் கணத்தில் உறைந்து நிற்பார். இங்கோ வீரர்கள் சிறிய உருவங்கள். தத்தம் வேலையில் மூழ்கியவர்கள். யாரும் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. தாக்குதல் நடந்தது பழைய நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் பதினான்காம் நாள் இரவு; மேற்கத்தியக் கணக்கில் 1703 ஜனவரி இறுதி. சந்திர மாதத்தின் பதினான்காம் இரவென்றால் பௌர்ணமிக்கு முந்தைய நாள் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியலுக்கு முந்தைய அந்த வேளையில் நிலா மேற்கே சாய்ந்திருக்கும், நிழல் நீண்டிருக்கும். மேடைக்குத் தேவைப்படாத அந்த நிழலைக் கொண்டுவந்ததன் மூலம், நூறு ஆண்டுகளாக நாடகமாகவே இருந்த ஒன்றை அவர் மீண்டும் ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு நாழிகையில் நடந்த செயலாக மாற்றினார். இந்தப் பயணத்தில் நான் சொல்ல விரும்பும் ஒன்று இதுவே: மேற்கின் வரைமுறை முதலில் இந்தக் கதைகளுக்கு மேடை கட்டிக் கொடுத்தது, குனியோஷியின் கையில் அதே வரைமுறை மேடையைக் கலைத்தது.

1842இல் ஷோகுன் அரசின் தெம்போ சீர்திருத்தங்கள் நடிகர்களின் படங்களையே தடைசெய்தபோது அவர் இந்தக் கதையை விடவில்லை. 1847 முதல் வீரர்களைத் தனித்தனியாக, பெயர்களைச் சற்றே திரித்து வரைந்தார். 1852இல் அவர்களுடைய முகங்களுக்கே மேற்கத்திய முறையில் நிழல் கொடுத்துப் பார்த்தார்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 15, கோபே

ஷின்கான்சென் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் கோபே. வெளிநாட்டார் குடியிருப்பாக இருந்த பகுதியில், 1935இல் கட்டப்பட்ட பழைய வங்கிக் கட்டடத்தில் நகர அருங்காட்சியகம் இருக்கிறது. இகெனாகா ஹஜிமே என்பவர் தம் செல்வத்தையெல்லாம் இறைத்துச் சேர்த்த, மேற்கின் சாயல் படிந்த ஜப்பானியக் கலைப்பொருட்கள் இதன் அடித்தளம்.

குனியோஷி எதைப் பார்த்து அந்தத் தெருவை வரைந்தார் என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் கலை வரலாற்று ஆய்வாளர்கள். படத்தில் இருக்கும் அந்த மாளிகை எடோவில் இருந்ததே இல்லை. யோஹான் நியூஹோஃப் என்ற டச்சுப் பயணியின் நூலில், படேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, காட்டும் செப்புத்தகட்டுப் படம் ஒன்றின் கட்டடத்தையும் அதன் கோணத்தையும் எடுத்து, டச்சுக்காரர்களை நீக்கிவிட்டு, குனியோஷி தம் வீரர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். நாட்டை விட்டு வெளியேறுவதே குற்றமாயிருந்த காலத்தில், தாம் கண்டறியாத ஓர் ஊரின் தெருவை வைத்துத்தான், எடோ நகரத்தார் ஒவ்வொருவரும் அறிந்த கதைக்கு அவர் அதுவரை இல்லாத உண்மையைக் கொடுத்தார். இதை வெறும் நகல் என்று சொல்பவர்கள் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். டச்சுப் படம் ஒரு கட்டடத்தைப் பற்றிய தகவல். குனியோஷியின் படத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் வீரர்களின் சொந்த ஊரான ஆகோவுக்குப் போய்வந்தேன். கோட்டை மதிலையும் ஒயிஷி கோயிலையும் பார்க்க மட்டுமே வெளிச்சம் இருந்தது.

ஆறாம் நாள், டிசம்பர் 16, நாகசாகி

டெஜிமா ஒரு காலத்தில் விசிறி வடிவச் செயற்கைத் தீவு. 1641 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக டச்சுக்காரர்கள் தங்க அனுமதிக்கப்பட்ட ஒரே இடம். இப்போது சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டு நகரத்துக்கு நடுவே இருக்கிறது. கிடங்குகளையும் தலைமை வணிகரின் வீட்டையும் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாக நடந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பெர்லின் நீலமும் படம் போட்ட நூல்களும் நாட்டுக்குள் புகுந்த வாசல் இவ்வளவு குறுகியதா என்று அந்தத் தெருவில் மூன்று முறை நடந்தேன்.

இரவு விடுதி அறையில், எண்ணிமப் பதிப்பாகக் கிடைக்கும் நியூஹோஃபின் நூலைத் திறந்தேன். அவர் 1660களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் பணியாற்றியவர். 1672இல் மடகாஸ்கரில் கரையிறங்கிக் காணாமற்போனார். எஞ்சிய குறிப்புகளை அவருடைய சகோதரர் 1682இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். நான் தூத்துக்குடிக்காரன். குனியோஷியின் எடோவில் புழங்கிய அதே நூலில், படேவியாவின் தெருக்களுக்குச் சில நூறு பக்கங்களுக்குள் எங்கள் கடற்கரையும் இருக்கிறது. டச்சு மொழி எனக்குத் தெரியாது. ஊர்ப்பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்து, முத்துக்குளிப்பைப் பற்றிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.